எறும்பு லேயர்

சாகிநாகா, மூன்றாம் மாடி, இரவு ஒன்றே கால்.
வட்டத்துக்குள் வட்டம், விளிம்புக்கு எஃகின் சாம்பல்.
ஒரே கோட்டை ஆறாறு பாகையாய்ச் சுழற்றி
நாற்பத்தொன்று ஆக்கினேன்.
முள் சிவப்பு. நிழலை
இரண்டு பிக்சல் கீழே தள்ளியதும்
தட்டைவிட்டு எழுந்து நின்றது.

கண்ணாடிதான் வரவில்லை.
வெள்ளையைப் பிறையாய்ப் பூசி மங்கலாக்கினால்
சோப்பு நுரை.
இன்னும் மங்கலாக்கினால்
ஒன்றுமே இல்லை.

காலையில் ஏறிய ஆட்டோ நினைவுக்கு வந்தது.
வண்டி ஐம்பதில் பறக்க
முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.
"அது செத்து நாலு வருசமாச்சு மேடம்,
காதால கேட்டுத்தான் ஓட்டுறேன்"
என்றார் தேவசகாயம்.
மழை ஈரம் கோத்த கண்ணாடிக்குள்
இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவே
காய்ந்த எறும்பு ஒன்று.

புது லேயர் திறந்து அதை வரைந்தேன்.
ஆறு கால், ஒடிந்த ஓர் உணர்கொம்பு,
அடியில் மயிரிழை நிழல்.
அதன்மேல்
கண்ணாடி தானாக வந்து உட்கார்ந்தது.

பத்து மணிக்குப் பூர்வி தலாலின் பதில்:
தொட்டுப் பார்க்கலாம் போல இருக்கிறதாம்,
எறும்பை மட்டும் எடுத்துவிட வேண்டுமாம்.

அழிக்கவில்லை.
அந்த லேயரின் கண்ணை
மூடிவிட்டு அனுப்பினேன்.