ஒரு சாண், நாலு விரல்

பம்ப் கிண்டிக்குப் போய்ப் பதினோரு மாதம்.
ரசீது மட்டும் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தோடு இருக்கிறது.
ஆகவே, ஆணி.
போன வருடம்வரை காலண்டர் தொங்கிய ஆணி.
அதில் சலைன் பாட்டில், தலைகீழாய்.
கீழே ஸ்டூலின்மேல் பீக்கர்.
இரண்டு நீர்மட்டங்களுக்கும் நடுவே
ஒரு சாண், நாலு விரல்.

இவ்வளவுதான் எங்கள் இயந்திரம்.
கரண்ட் போனாலும் ஓடும்.
வேகம் வேண்டுமென்றால் ஸ்டூலை எடுத்துவிட்டு
பீக்கரைத் தரையில் வைப்போம்.

தண்டையார்பேட்டையில் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டாம்.
லாரித் தண்ணீர் பிடித்த ட்ரம்முக்குள் டியூபை விட்டு
வாயால் ஓர் இழுப்பு இழுத்து
நாக்கில் குளோரின் பட்டதும் விரலால் பொத்தி
குடத்துக்குள் இறக்கிவிட்டுப்
பல் தேய்க்கப் போகிற ஊர்.
மேலே இருப்பது கீழே வரும்,
நடுவில் காற்றுப் புகாதவரை.
(இந்த நகரத்தில் எது மேடு எது பள்ளம் என்று
நான் அளந்ததில்லை.
வருவதெல்லாம் இங்கே வந்துதான் தேங்குகிறது.)

கண்ணாடிச் சில்லுக்குள் ஒரு சந்து.
தலைமுடியைப் பதினைந்தாய் வகுந்தால்
அதில் ஒரு பங்கு அகலம்.
சிவப்பணு அதைவிடப் பெரிது.
மடங்கினால்தான் வழி,
மீன் மார்க்கெட்டில் கூடையோடு நுழைகிற மாதிரி
தோளைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து.
ஷம்ஷாத் வீடியோவை நிறுத்தி நிறுத்தி
ஒவ்வொன்றும் கடக்கும் நேரத்தைக் குறிப்பாள்.

பதினொன்று இருபதுக்கு கூட்ஸ் வண்டி.
மேசை அதிரும், நீர்மட்டம் நடுங்கும்,
வரைபடத்தில் ஒரு பல் முளைக்கும்.
தினமும் அதே இடத்தில் அதே பல்.
இது என்ன என்று கேட்டு எழுதியிருந்தார்
கட்டுரையைப் படித்த யாரோ ஒருவர், எந்த ஊரோ.
"கொருக்குப்பேட்டை" என்று பதில் எழுதினேன்.
ஷம்ஷாத் அதை அடித்துவிட்டு
"புற அதிர்வு" என்றாள்.

இருபத்தேழாம் சாம்பிள் தேசப்பனுடையது.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர்.
சித்திரை வெயிலில் கம்பளி போர்த்தி வந்தார்,
மூன்றாவது தடவை மலேரியா.
"இன்னா மேடம், நம்ம ரத்தம் ஓடுதா, நிக்குதா?"

நிற்கும் என்றுதான் நினைத்தேன்.
ஒட்டுண்ணி புகுந்த அணு விறைத்துப்போகும்,
சந்தின் வாயில் சிக்கிப் பின்னால் வருவதை மறிக்கும்.
அதற்குத்தானே
ஐந்து பக்கம் எழுதிப் பணம் வாங்கினோம்.

சிக்கவில்லை.
உள்ளே கறுப்புப் புள்ளியோடு வந்த அணு
மற்றவை முட்டிக்கொண்டு நிற்கையில்
நெரிசல் பஸ்ஸில் கண்டக்டர் போவதுபோல்
யார்மேலும் படாமல் போய்விட்டது.
சில்லை மாற்றினோம்.
பாட்டிலை ஒரு விரல் இறக்கினோம்.
கூட்ஸ் வண்டி போகும்வரை காத்திருந்தோம்.
மறுபடியும் அதுதான் முதலில்.

விறைத்ததைப் பிடித்து நிறுத்தத்தான்
மண்ணீரலிலும் இப்படிச் சந்துகள் உண்டு.
அங்கேயும் இது
வழிவிடச் சொல்லிக் கேட்டிருக்காது.
இத்தனை நாள் நான்
பிடிவாதம்தான் நோய் என்று நம்பியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தார், காய்ச்சல் விட்டிருந்தது.
"ஓடுதுண்ணே. ரொம்ப நல்லாவே ஓடுது."
"அப்ப சரியாப் போச்சுதானே?"
இல்லை என்பதை எங்கிருந்து ஆரம்பிப்பது?
"பதினாலு நாள் மாத்திரை" என்றேன்.
"ஜுரம் இல்லேன்னு பாதியில நிறுத்திடாதீங்க.
போன தடவை எத்தனை நாள் சாப்ட்டீங்க?"

அவர் பதில் சொல்லவில்லை.
ஆணியிலிருந்து பாட்டில்,
பாட்டிலிலிருந்து டியூப்,
டியூபிலிருந்து சில்லு என்று
கண்ணாலேயே இறங்கி வந்து
ஓரிடத்தில் நின்றார்.

"மேடம், காத்து."

குனிந்து பார்த்தேன்.
கடுகளவு குமிழி.
காலையிலிருந்து எண்ணியதெல்லாம் வீண்.
ஐஸ் காய்த்த விரலால் அவர்
டியூபை இரண்டு சுண்டு சுண்டினார்.
அது மெல்ல
மேலே ஏறியது.