தொடக்கங்களின் பொருளாளர்

முழு விளையாட்டு வேண்டாம் எங்களுக்கு.
முதல் அறை போதும்.
வடக்கே ஒரு கதவு, மேஜையில் ஒரு விளக்கு,
கட்டளை அடிக்க வேண்டிய இடத்தில்
துடிக்கிற சின்னக் கோடு.
படிப்போம், தட்டுவோம், மதிப்பெண் போடுவோம்.
வென்றவர் மீதிக் கதையை எழுதி முடித்தால்தான்
பணம்.

பணம் என்னிடம் இருக்கிறது.
டுலூத்தில், ஏரியைப் பார்த்த சமையலறையில்,
இழுப்பறையில், ஸ்பூன்களுக்கு அடியில்
பதினோரு வருஷத்து உறைகள்.
பிரித்துக் கொடுத்தது இரண்டே இரண்டு.

முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள்.
எங்கள் ஆட்களுக்கு முதல் எல்லாம் நேர்தான்.
‘முற்றும்’தான் கிடையாது.

டெஸ்மண்ட் அக்டர்பெர்க் முடித்தார், பாவம்.
நிலவறைக்குள் எழுபது அறைகள், பேசும் ஆடு ஒன்று.
நாற்பது டாலரை எண்ணி வாங்கிக்கொண்டு
"அந்த முதல் கதவை நான் திறந்திருக்கவே கூடாது" என்றார்.
ஆடு நன்றாகத்தான் இருந்தது என்றேன்.
நம்பவில்லை.

வாண்டா பெல்கனன் முதலில் அனுப்பியது
ஒன்பது வருஷத்துக்கு முன்னால்.

"நீ காரில் இருக்கிறாய். எஞ்சின் ஓடுகிறது.
எதிரே மருத்துவமனை. மணி நான்கு பத்து."

இறங்கு, என்று அடித்தேன்.
"இன்னும் இல்லை."
கதவைத் திற.
"இன்னும் இல்லை."
ரேடியோவைப் போட்டேன்:
ஏரியில் வடகிழக்குக் காற்று, சின்னப் படகுகள் கவனம்.
டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தேன்:
பார்க்கிங் சீட்டுகள், பதினேழு.
காத்திரு, என்றதற்கு மட்டும்
விளையாட்டு கீழ்ப்படிந்தது:
"மணி நான்கு பதினொன்று."

லோர்னா ஸ்கோக்ஸ்டாட் இரண்டு மதிப்பெண் போட்டாள்,
‘நகரவே விடாத விளையாட்டு’ என்று பக்கத்தில் எழுதி.
நான் ஒன்பது போட்டேன்.
ஏன் பத்து இல்லை என்பது
இப்போது ஞாபகமில்லை.

மூன்றாம் இடம். இருபத்தைந்து டாலர்.
உறைமேல் அவள் பெயரை எழுதி
ஸ்பூன்களுக்கு அடியில் வைத்தேன்.

அடுத்த வருஷமும் அதே கார் வந்தது,
வேறு தலைப்பில்.
பழையதைத் திரும்ப அனுப்பக் கூடாது என்பது விதி.
விதியை எழுதியவன் நான்தான்.
இறங்கு, என்றால் இப்போது
"பெல்ட்டைக் கழற்றுகிறாய்."
அதற்கு மேல் இல்லை.

வருஷத்துக்கு ஒரு வரி.
நான்காம் முறை எஞ்சின் நின்றது.
ஐந்தாம் முறை சீட்டுகள் முப்பத்தொன்று.
ஆறாம் முறை
கதவு கையளவு திறந்து குளிர் உள்ளே வந்தது;
அந்த வருஷம் எங்கள் துறைமுகமும்
டிசம்பர் முதல் வாரமே உறைந்துபோயிருந்தது.

பிறகு ஒரு வருஷம் எதுவும் வரவில்லை.
கடைசித் தேதியை மூன்று நாள் தள்ளிவைத்தேன்.
கம்ப்யூட்டர் பழுது என்று
லோர்னாவிடம் பொய் சொன்னேன்.

உள்ளே யார் படுத்திருக்கிறார் என்று
வாண்டாவை நான் கேட்டதில்லை.
நடுவர்கள் எழுதியவரோடு பேசக் கூடாது.
இந்த ஒரு விதியை
ஒழுங்காகக் காப்பாற்றியிருக்கிறேன்.

இந்த வருஷம் பதின்மூன்று தொடக்கங்கள்.
இரண்டில் டிராகன்,
ஒன்றில் செவ்வாய்க் கிரகத்துச் சலவைக்கடை,
எல்லாரும் ஆரம்ப சூரர்கள்,
எல்லாரையும் எனக்குப் பிடிக்கும்.
ஏழாவதைத் திறந்தேன்.
கார் இல்லை. மணி இல்லை. இடத்துக்குப் பெயர் இல்லை.
காலித் திரையில் கோடு மட்டும் துடித்தது.
பழக்கதோஷம்,
இறங்கு, என்று அடித்துவிட்டேன்.

"எதிலிருந்து?"
என்றது.

வெளியே பாலம் மேலே ஏறியது.
இரும்புத்தாது ஏற்றிய கப்பல் ஒன்று
ஒருமுறை நீளமாக, இரண்டுமுறை குட்டையாக ஊதிவிட்டு
அடியில் போனது.
அது போய் முடிகிறவரை
நான் எதையும் தட்டவில்லை.

லோர்னாவிடமிருந்து செய்தி:
‘ஏழாவது ஓடவே மாட்டேனென்கிறதே, பிழையா?’

இல்லை, என்று எழுதினேன்.