நாலு டிகிரி

ஒரு பங்கு தூள், ஒன்பது பங்கு தண்ணீர்.
கொதிக்க விடக் கூடாது. கொதித்தால் பிடிப்பு போய்விடும்.
கெடாமலிருக்க இரண்டு சொட்டு லவங்கப்பட்டை எண்ணெய்.
அதனால் ஃபுஜைரா மலையடிவாரத்தில்
எங்கள் ஆயுதக் கிடங்கின் பின்னறை
மூன்று நாளாய்க் கல்யாண வீடுபோல மணக்கிறது.

முதலில் வந்தது பன்றி ஜெலட்டின்.
கேப்டன் கமீஸ் திருப்பி அனுப்பினார்.
"சாப்பிடவா போகிறீர்கள்?" என்றான் விற்க வந்தவன்.
"தொடப்போவது மீராசா" என்றார்.
பதினோரு வருஷத்தில்
என் பெயர் ஒரு கடிதத்தில் ஏறியது அன்றுதான்.

பதினாறு கட்டி. ஒவ்வொன்றும் தலையணை நீளம்.
நாலு டிகிரியில் இரண்டு இரவு.
வெளியே நாற்பத்தாறு.
குளிர்பெட்டியைத் திறந்து
கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு ஓட வேண்டும்.
இருபது நிமிஷம் தாண்டினால்
அது மனிதச் சதைக்கு ஈடில்லை, வெறும் ஃபலூடா.

மேஜருக்கு நாற்பத்தைந்துமேல் ஆசை.
"ஆளை நிறுத்தும்" என்றார்,
யாரையோ நிறுத்திப் பார்த்தவர்போல.
கேப்டனுக்கு நாற்பது.
ஒன்பது எம்.எம். பெட்டி மேசை ஓரத்தில்
மலிவு விலைச் சாமான்போலக் கிடந்தது.

பத்து மீட்டர். சுட்டார்கள்.
கட்டி குதித்தது, விம்மியது, அடங்கியது.
நான் குனிந்து துளைக்குள் அளவுகோலை விட்டேன்.
முப்பது சென்டிமீட்டருக்குக் குறைந்தால் போதாது,
நாற்பத்தைந்தைத் தாண்டினால்
பின்னால் நிற்பவன் உடம்புக்கும் சேர்த்து.
(இந்த நாற்பத்தைந்து வேறு, அந்த நாற்பத்தைந்து வேறு
என்று எனக்கே இரண்டு தரம் சொல்லிக்கொண்டேன்.)
மூன்று தோட்டாவும் போன தூரம்
விரற்கடைதான் முன்னே பின்னே.

லெப்டினன்ட் ஷம்ஸா அதுவரை பேசவில்லை.
எழுந்து வந்து நாற்பதில் ஒரு வரிசை சுட்டாள்:
தாளெங்கும் சிதறல், இரண்டு தாளிலேயே இல்லை.
ஒன்பதில் சுட்டாள்:
என் உள்ளங்கையால் மூடிவிடலாம்.
"தாளில் இல்லாத அந்த இரண்டும்
எத்தனை சென்டிமீட்டர் போயின, மீராசா?"
மலையைப் பார்த்தேன்.
மேஜரும் மலையைப் பார்த்தார்.

பிறகு யாரோ சொன்னார்:
"வெற்றுடம்போடு யார் வருவான்? துணி போர்த்துங்கள்."
கந்தூராவைப் போர்த்தலாமா என்று ஒருவர் ஆரம்பித்து
வாக்கியத்தை முடிக்கவில்லை.
கொஞ்ச நேரம் ஏ.சி. மட்டும் பேசியது.
கதவுக்குப் பின்னால் கொக்கியில்
என் பழைய நீலக் கவரால் தொங்கியது.

நானே உடுத்திவிட்டேன்.
காலரைச் சரிசெய்தேன்.
பொத்தான் தேவையில்லை; போட்டேன்.
பையில் ஒரு பஸ் டிக்கெட்டும்
பாதி ஹால்ஸும் இருந்தன. எடுத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு வெடி. ஒன்பது.
கம்பெனிப் பெயரில் கடைசி எழுத்துக்குக் கீழே.
அளவுகோலை விட்டேன், படித்தேன்,
கேட்கும்படி சொன்னேன்: "முப்பத்தாறு."
"சபாஷ்" என்றார் கேப்டன்.
தோட்டாவையா என்னையா, தெரியவில்லை.

ஒன்பதுதான் என்று முடிவானது.
பதினேழு தோட்டா பிடிக்கும், மணிக்கட்டு நோகாது,
மிச்சப் பணத்தில் மாதாமாதம் பயிற்சி.
நியாயமான காரணங்கள்.
நானாயிருந்தாலும் அதில்தான் கையெழுத்திடுவேன்.

கட்டிகளை மறுபடி உருக்கினேன், அடுத்த சோதனைக்கு.
வடிகட்டியில் பித்தளை மலர்போல் விரிந்த ஈயம்,
அதன் இதழிடுக்கில் சுருண்ட நீல நூல்.
அடுப்பை அணைக்கும்போது சல்மாவின் போன்:
"இன்னிக்கு என்ன வேலை?"
"சமையல்" என்றேன்.
சிரித்தாள். உண்மைதானே.

புதுக் கவரால் கொடுத்தார்கள்.
சம்பளத்தில் முப்பது திர்ஹம் பிடித்தார்கள்.

நேற்று கேம்ப் பஸ்ஸை வழியில் நிறுத்தி
அட்டை பார்க்க ஏறினான் ஒரு சின்னப் பையன்.
மீசை சரியாக வரவில்லை.
இடுப்பில் புதுசு, உறையில் இன்னும் கடை வாசனை.
என் அட்டையைத் திருப்பித் தந்து
மரியாதையாய் ஸலாம் சொன்னான்.

வ அலைக்கும் ஸலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
முப்பத்தாறு என்று வந்தது.