பலாப்பால்

ஆனி மாதத்து மதியம், கடலூர் முதுநகர்.
கடைசி டோக்கன், இருபத்தேழு.
தேசிங்கு உள்ளே வருமுன்
அவன் தூக்கிவந்த பழத்தின் வாசனை வந்துவிட்டது.
பண்ருட்டிப் பலா. மாமனார் வீட்டு மரமாம்.
பி.பி. கருவிக்குப் பக்கத்தில் இறக்கினான்.
மேசை ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது.

சிப்காட்டில் சாயக் கம்பெனி. பதினோரு வருஷம்.
ஒப்பந்தம் புதுப்பிக்க ஒரு தாள் வேண்டும்:
உடல் தகுதி உண்டு.
மூன்று சொல், ஒரு கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப்.

ஊதச் சொன்னேன்.
ஈர விறகோடு மல்லுக்கட்டுகிறவன் போல ஊதினான்.
முள் பாதியில் நின்றது.
இன்னொரு தடவை.
பாதி.
மூன்றாவது தடவைக்குள் இருமல் முந்திக்கொண்டது.
"காலையில சாப்பிடல மேடம், அதான்."

பிறகு,
"ஒரு கையெழுத்து தானே.
யாரு குடியும் கெடப்போறதில்ல."

கெடும் என்றேன். உன் குடிதான்.

"எழுதலன்னா நாளைக்கே கெடும்,
எழுதினா பத்து வருஷம் கழிச்சு.
எது தேவலாம்? நீங்களே சொல்லுங்க."

இந்தக் கணக்கை
கல்லூரியில் யாரும் போட்டுக் காட்டவில்லை.

கதவைப் பார்த்தபடி, மெதுவாக:
"சித்திரையில தாசில்தார் ஆபீஸ் அம்மாவுக்கு
மஞ்சக்காமாலைன்னு எழுதிக் குடுத்தீங்க.
நான் வெளிய பெஞ்சுல இருந்தேன்.
அவங்க கொடைக்கானல் போய்ட்டு வந்தாங்க."

ஆமாம்.
பட்டா மாற்றம் ஒன்று என் பெயரில்
அங்கே தேங்கிக் கிடந்தது.
இதை யாரிடமும் சொன்னதில்லை.
அவனிடமும் சொல்லவில்லை.
ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி
மறுபடி மாட்டிக்கொண்டேன்.

பார்த்ததை எழுதினேன்.
மூச்சின் அளவு. அன்றைய தேதி.
புகையில்லாத இடத்தில் வேலை தரவேண்டும் என்பது.
இ.எஸ்.ஐ.க்கு ஒரு வரி.
அவன் படித்தான், நான்காக மடித்தான்,
மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனான்.
பழத்தை எடுத்துப் போகவில்லை.

பூசணியைச் சோற்றில் மறைத்துப் பழகியவளுக்கும்
பலாவை எங்கே மறைப்பதென்று தெரியவில்லை.
சிஸ்டர் அமலோற்பவம்
பக்கத்து வீட்டில் கத்தி இரவல் வாங்கி வந்து
மேசையிலேயே அறுத்தாள்.
தடுப்பூசிக்கு வந்த பிள்ளைகள், மருந்துக்கடைப் பையன்,
எல்லோரும் தின்றார்கள்.
நானும். நான்கு சுளை.
எழுதித் தரவில்லை, ஆனால் தின்றேன்.
விரலில் ஒட்டிய பால்
சோப்புக்குப் போகவில்லை, டெட்டாலுக்கும் போகவில்லை.
மாலை நோயாளிகளின் நாடியை
அந்த விரலோடுதான் பிடித்தேன்.

இருபது நாள் கழித்து வந்தான். டோக்கன் மூன்று.
சட்டைப்பையில் வேறு தாள்.
மஞ்சக்குப்பம், முந்நூறு ரூபாய்.
அதே மூன்று சொல்,
என்னுடையதைவிட நல்ல கையெழுத்து.

அவர் ஊதச் சொல்லலையா என்றேன்.

"நிமிந்தே பாக்கல.
அதான் மருந்துக்கு இங்க வந்தேன்.
எனக்கு நெஞ்சுல என்னா இருக்குதுன்னு
நீங்க பொய் சொல்லமாட்டீங்க."

எனக்கு என்ற சொல்லில் கொஞ்சம் அழுத்தினானோ?
கேட்கவில்லை.
சட்டையைத் தூக்கச் சொன்னேன்.
முதுகில் வைத்ததும்
உப்பனாற்றுக்குள் தூரத்துப் படகொன்று
மண்ணில் தட்டி இழுத்துக்கொண்டு போவதுபோல் கேட்டது.
இழு. விடு. இழு.

டிராயரில் கிடந்த அந்தத் தாளை நீட்டினேன்.
"கம்பெனிக்குக் குடுக்கமாட்டேன்" என்றான்.
வேண்டாம், வீட்டில் இருக்கட்டும்.
வாங்கினான்.
மடிப்பில் பலாப்பால் பட்டு ஒட்டியிருந்தது.
இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்து
மெல்லத்தான் பிரித்தோம்.
அப்படியும்
தேதி இருந்த இடம் கொஞ்சம் கிழிந்தது.