ஐந்தரை அங்குலம்

துணைவேந்தர் படம் மேலே வரணும் என்றார்கள்.
அதற்குக் கீழே நிறுவனர்.
அதற்கும் கீழே ஓடும் எழுத்தில் ஓர் அறிவிப்பு,
இரண்டாயிரத்து மூன்றில் ஓடத் தொடங்கியது,
இன்னும் நிற்கவில்லை.

எலிசா தன் போனை மேஜை நடுவில் வைத்தாள்.
கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல்.
"இதுக்குள்ள சொல்லுங்க சார்."

ஏழு கூட்டம். எண்ண முடியாத வடை.
மிஞ்சியது நாலே பொத்தான்:
தேர்வு, கட்டணம், விடுதி, பஸ்.
துணைவேந்தர் கடைசியில்
தபால்தலை அளவுக்கு இறங்கி வந்தார்.

வெள்ளி இரவு பதினொன்றேகாலுக்குத் திறந்துவிட்டோம்.
ரிப்பன் இல்லை. சேப்பாக்கத்தில் கரண்டும் இல்லை.
இன்வெர்ட்டர் மட்டும் முனகியது.

விடிந்து 29சி-யில் வீடு திரும்புகையில்
எனக்கு முன்னால் ஒரு பையன்,
ஒரு கை கம்பியில்,
மறு கைக் கட்டைவிரலால் தேர்வைத் தொட்டான்.
இரண்டு விநாடிக்குள் திறந்தது.
அதை அவன் கவனிக்கவில்லை.

மூன்று அரியர்.

மூடினான். மறுபடி திறந்தான்.
மந்தைவெளி தாண்டியும்
திறந்து திறந்து மூடினான்.

பதினோரு மாதம் பிழை பிடித்தவன் நான்,
அடையாறு பாலத்தில் வேண்டிக்கொண்டேன்
எங்கேயாவது ஒன்று
தப்பியிருக்கட்டும் என்று.