கரண்ட் போன நேரம்

கூத்தாநல்லூரில் கரண்ட் போனால்
தெருவே மின்வாரியத்தைத் திட்டும்.
நான் எழுந்து கூண்டைத் திறப்பேன்.
ஃபேனின் மூன்று இறக்கையும் நின்று
தனித்தனியாகத் தெரிந்த பிறகுதான்.

மிட்டாய் பீரோ மேல் ஏறும்.
காலண்டரைக் கொறிக்கும்.
நோன்பு மாதத்தில் பாதியைத் தின்றுவிட்டது.

வாளிகளைக் கவிழ்த்தாயிற்று.
கொசுவர்த்தி வாசலோடு சரி.
சார்ஜாவிலிருந்து அவர் சுமந்துவந்த கறுப்புத் தோசைச்சட்டி
பிரிக்காமல் பரணில் கிடக்கிறது.
வெறுமனே காய்ந்தால் ஒரு புகை வருமாம்,
நமக்கு வாசனைகூடத் தெரியாது,
இதற்கு நாலு மூச்சு போதும்.
“ஒரு குருவிக்குப் பயந்து இரும்பில் சுடுறியே”
என்று சிரித்தார் சம்சுதீன்.

சிரித்தவர்தான் அன்றைக்கு
வேர்வையோடு இருட்டில் வந்து
சுவிட்சை இப்படியும் அப்படியும் தட்டி
எப்படி விட்டோமென்று மறந்துபோனார்.

கரண்ட் வந்தது.
தெருவே “ஹோ” என்றது.
எங்கள் கூடத்தில்
ஒரு மஞ்சள் இறகு
சுற்றிச் சுற்றி, அவசரமில்லாமல்
அவர் தோளில் இறங்கியது.

ஜன்னல் கம்பியில் இருந்தது மிட்டாய்,
வாலில் ஒன்று குறைய.
அவர்தான் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது அந்தச் சுவிட்சின் மேல்
குறுக்கும் நெடுக்குமாகப் பிளாஸ்திரி.
கரண்ட் இருந்தாலும் பறக்கிறது மிட்டாய்.
சித்திரை வெயிலில் விருந்துக்கு வந்தவர்கள்
கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டு
மேலே பார்க்கிறார்கள்.

ரிப்பேர், என்கிறார்
ஐந்தாவது மாதமாக.