துவர்ப்பின் பிடி

அண்ணன் ஜும்பர் தெளிக்கும் மருந்து நீலம்.
தெளித்த மறுநாள்
திராட்சை இலையெல்லாம் நீலத் தேமல்.
காக்கேத்தியில் இதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.
இலை பிழைத்தால்தான் பழம்,
பழம் பிழைத்தால்தான் நாங்கள்.

அடுத்த மழையில் அந்தச் செம்பு சரிவிறங்கும்.
கீழே ஓடை.
இந்த வசந்தத்தில் அதில் நத்தைகூட இல்லை.

நான் சோதனைக்கூடத்தில் குடுவை கழுவுகிறவள்.
அக்டோபரில் பிழிந்த சக்கையை,
தோலும் விதையும் காம்புமாக,
மண்ணில் புதைத்த சாடியிலிருந்து
ஒரு வாளி அள்ளிப்போனேன்.
அவன் அதைச் சாராயத்துக்கு வைத்திருந்தான்.

நாக்கைச் சுருட்டிப் பிடிக்குமே
அந்தத் துவர்ப்புதான் வேண்டியிருந்தது.
இனிப்பு வழுக்கிவிடும்.
புளிப்பு கூசவைத்துப் போய்விடும்.
துவர்ப்பு, பிடித்தால் பிடித்ததுதான்.

சாற்றில் எஃகு வலையை இரவு முழுக்க ஊறவிட்டோம்.
காலையில்
தேநீர்க் கோப்பையின் அடிபோல ஒரு பழுப்பு.
தேய்த்தேன். போகவில்லை.
தலைமயிர் ஒன்றை எட்டாயிரமாகப் பிளந்தால்
அதில் ஒரு கீற்றின் கனம் என்றார் டாக்டர் எதேரி.
மயிர் பிளக்க எனக்கு வராது.
முப்பது வருடம் கறை போக்கியவள்
முதல் தடவை
போகாத கறையைப் பார்த்துச் சிரித்தேன்.

ஓடைத் தண்ணீரை வலைவழியே விட்டோம்.
விடுமுன் எடுத்ததில் அம்மோனியா சொட்டினால்
கருநீலம்.
கீழே சேர்ந்ததில் சொட்டினால்
தண்ணீர். வெறும் தண்ணீர்.
டாக்டர் எழுதவில்லை,
"இன்னொன்று" என்றார்.
இரண்டாவதும் தண்ணீர். மூன்றாவதும்.
ஐந்தாம் குடுவை மெல்ல நீலம் பூத்தது.
வலை நிறைந்துவிட்டது.
பிடிக்கிற எதற்கும் ஒரு வயிறு இருக்கிறது.

அமிலத்தில் முக்கினால் விட்டுவிடுகிறது.
வலை காலி,
கிண்ணத்தில் ஜும்பரின் நீலம்,
ஓடை வழியாகச் சுற்றி வந்த அதே நீலம்.

ராத்திரி சாப்பாட்டில் சொன்னேன்.
முதலில் சக்கைக்காகக் கத்தினான்.
ஒரு வாளியில் எத்தனை போத்தல் என்று
விரல்விட்டு எண்ணிக் காட்டினான்.
அந்த நகக்கண்களிலும் நீலம்.
பிறகு வெகுநேரம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் கிண்ணத்தை என்ன செய்தீர்கள்?"

அலமாரியில் இருக்கிறது என்றேன்.

"மூட்டை விலை ஏறிவிட்டது" என்றான்,
என் முகத்தைப் பார்க்காமல்.
"அதையே மறுபடி தெளிக்கலாமா,
கேட்டுச் சொல்."